சம்பளம் ஏறினால் தோட்டம் மூடுமா?



2025 கடைசியில் ஒரு செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கொட்டகையில் கூட்டம் போட்டிருந்தோம். முப்பது பேர் வந்திருப்பார்கள். முன்பெல்லாம் இதே கொட்டகையில் உட்கார இடம் கிடைக்காது. இப்போது லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதியில் பாதி வங்காள தேசத்துத் தம்பிகளும் இந்தோனேசியர்களும். இருக்கிற நம்மவர்களைக் கூட்டி, 1,700 வெள்ளிச் சம்பளக் கணக்கை விளக்கிச் சொல்வதுதான் அன்றைய வேலை.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடித்துக் கொண்டிருந்தபோது ஓர் அம்மா பக்கத்தில் வந்து நின்றார். வயது 54. இருபத்தேழு வருஷமாக அதே தோட்டத்தில் வேலை. முதலில் மருந்து அடித்தார். இப்போது உரம் போடுகிறார், உதிரிப் பழம் பொறுக்குகிறார். சுருக்குப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இத கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க. நாளைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்திடணுமாம்."

தாள் மலாய் மொழியில் இருந்தது. விஷயம் நாலே வரிதான். நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகிக் கொள்கிறேன், எனக்கு நிர்வாகத்திடமிருந்து வர வேண்டியது எதுவும் இல்லை. வாயால் சொன்ன சேதி வேறு. மறு மாதம் முதல் தேதியிலிருந்து கண்ட்ராக்டர் கணக்கில் பெயர் ஏறும். அதே காடு, அதே வேலை, அதே வீடு.

"ஏம்மா இப்படி?" என்று கேட்டேன்.

"சம்பளம் ஏறிப் போச்சாம், கம்பெனிக்குக் கட்டுப்படி ஆகலயாம். இந்தோனேசியாக்காரன்கூட போட்டி போட முடியலயாம். கண்ட்ராக்ட்ல போனா டன்னுக்குக் கூடக் கிடைக்கும்ங்குறாரு மண்டோர். தோட்டத்த மூடிட்டா என்னா பண்ணுவீங்கன்னு கேக்குறாரு."

அவர் மகன் பட்டணத்தில் தொழிற்சாலை வேலை. அம்மாவை அழைத்துப் போக மோட்டார் சைக்கிளில் வந்திருந்தான். அவன் சும்மா இருக்கவில்லை. "தலைவரே, நீங்க சட்டம் போட்டுச் சம்பளத்த ஏத்துறீங்க. கடைசில இருக்கிற வேலையும் போவுது. அப்ப சட்டம் யாருக்கு?" என்றான்.

பையன் கேட்டது நியாயமான கேள்வி. அதை மேடையில் இரண்டு முழக்கம் போட்டு அடக்கிவிட முடியாது. அதனால்தான் இந்த வாரம் இதையே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2013-ல் வந்தபோது தீபகற்பத்தில் 900 வெள்ளி, சபா சரவாக்கில் 800. 2016-ல் 1,000, 920. 2019-ல் எல்லாருக்கும் 1,100. 2020-ல் பட்டணங்களுக்கு மட்டும் 1,200 என்றார்கள். தோட்டக்காடுகள் பெரும்பாலும் 1,100-லேயே நின்றன. 2022 மே மாதம் 1,500. 2025 பிப்ரவரி முதல் தேதி 1,700. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கு மட்டும் ஆகஸ்டு வரை தவணை கொடுத்தார்கள். அந்தத் தவணையும் முடிந்துவிட்டது.

வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு. "எனக்கு நாள் சம்பளம் இல்ல, டன் கணக்குதானே?" என்று பலர் கேட்கிறார்கள். டன் கணக்கோ, குலைக் கணக்கோ, லோட் கணக்கோ, மாதம் முழுக்க ஒழுங்காக வேலைக்கு வந்தவருக்கு 1,700-க்குக் குறையக் கூடாது. ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம்: மரம் காய்ப்புக் குறைந்த மாதம், உங்கள் டன் கணக்கு 1,420 வெள்ளிதான் வருகிறது. மீதி 280 வெள்ளியை நிர்வாகம் போட்டுக் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டில் அந்த வரி இருக்கிறதா என்று வீட்டுக்குப் போனதும் பாருங்கள். வேலையிடத்து அலவன்ஸ்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டி 1,700 என்று காட்டியிருந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், சங்கத்துக்கு வேண்டும்.

இனி முதலாளி பக்கத்துக்கு வருவோம். அவர்கள் சொல்வது அத்தனையும் பொய் என்று நான் சொல்லப் போவதில்லை.

செம்பனை எண்ணெயின் விலையை நம் துரைமார் வைப்பதில்லை. உலகச் சந்தை வைக்கிறது. இந்தோனேசியா நம்மைவிட எவ்வளவோ அதிகம் எண்ணெய் எடுக்கிறது. நிலமும் கூலியாளும் அங்கே தாராளம். நம் தோட்டங்களில் இருபத்தைந்து வயதைத் தாண்டிய மரங்கள் நிறைய நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரம். அரிவாள் கட்டிய கழியைத் தூக்கிக் கொண்டு ஓர் ஆள் எத்தனை குலை தள்ள முடியும்? மறுநடவு செய்தாலும் முதல் மூன்று வருஷம் வருமானம் இல்லை. சின்னத் தோட்டக்காரர் இதில் உண்மையாகவே திணறுகிறார். நம் ஆட்களில் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருப்பவர்களைக் கேட்டாலே தெரியும்.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. நமக்கும் முதலாளி அனுபவம் உண்டு. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, 1960-ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். தோட்டம் லாபத்தில் ஓடினால்தான் பங்குக்கு லாப ஈவு என்று அந்தத் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும். தோட்டம் நட்டத்தில் போக வேண்டும் என்று எந்தப் பாட்டாளியும் சாமி கும்பிடுவதில்லை.

ஆனால் "கட்டுப்படி ஆகவில்லை" என்கிற சொல் இருக்கிறதே, அதற்கு வயது நூறு ஆகப் போகிறது. 1930-ல் உலகமெங்கும் ரப்பர் விலை விழுந்தபோது அதே சொல்தான். சம்பளத்தை வெட்டினார்கள். பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1941-ல் போர்க்காலத் தேவையால் ரப்பருக்கு மவுசு வந்தது. கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் தலைமையில் நம்மவர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கொடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்து என்றும் கேட்டார்கள். கொடுக்க முடிந்த காலத்தில்தான் கேட்டார்கள். கிடைத்தது துப்பாக்கிச் சூடு; நாதனை நாடு கடத்தினார்கள்.

அது பழைய கதை என்று விடுங்கள். நேற்றைய கதையைப் பார்ப்போம். 2019 நடுவில் கச்சா செம்பனை எண்ணெய் டன் 2,000 வெள்ளியை ஒட்டிக் கிடந்தது. "விலை இல்லை, பொறுத்துக்குங்க" என்றார்கள். பொறுத்தோம். 2022 மார்ச் மாதம் அதே எண்ணெய் 7,000 வெள்ளியைத் தாண்டியது. மூன்றரை மடங்கு. சம்பளம் மூன்றரை மடங்கு ஆனதா? அந்த மே மாதம் 1,100 வெள்ளி 1,500 ஆனது. அதையும் சட்டம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. விலை இறங்கும்போது நட்டத்தில் நமக்குப் பங்கு, ஏறும்போது லாபத்தில் பங்கு இல்லை என்றால் அந்தக் கணக்கை யார் ஒப்புக் கொள்வார்கள்? இடையில் உரம், டீசல் எல்லாம் விலை ஏறியதும் உண்மைதான். அதை உரக்கடைக்காரனிடம் யாரும் பேரம் பேசிக் குறைக்கவில்லை. கூலியிடம் மட்டும்தான் குறைக்கிறார்கள்.

மருந்து விஷயமும் அப்படித்தான். என் அம்மா பதினாறு வருஷம் முதுகில் பம்பு சுமந்து பாராகுவாட் அடித்தவர். நகம் கறுத்து உரிந்து விழும். சில நாள் மூக்கில் இரத்தம் வரும். குழம்பு பிசைந்தால் விரல் எரிகிறது என்று கரண்டியால் சாப்பிடுவார். அந்த மருந்துக்கு 2002-ல் அரசாங்கம் தடை போட்டது. வேறு மருந்துக்குச் செலவு அதிகம், தொழிலுக்குக் கட்டாது என்று பேச்சு எழுந்தது. 2006-ல் தடையைத் தளர்த்தினார்கள். கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. வந்து என்ன ஆனது? எந்தத் தோட்டமாவது அதனால் மூடிப் போனதா? வேறு மருந்து அடிக்கிறார்கள், புல் வெட்டுகிறார்கள், வேலை நடக்கிறது. இடையில் போன அந்தப் பதினெட்டு வருஷத்துக்கு என் அம்மாவைப் போன்றவர்கள் கையால்தான் கணக்குத் தீர்த்தார்கள்.

பாதுகாப்புச் சட்டத்தைக் கைவிட்டால் போட்டியில் ஜெயிக்கலாம் என்பதும் பாதிக் கதைதான். 2020 செப்டம்பர் 30-ல் எஃப்.ஜி.வி. நிறுவனத்தின் செம்பனை எண்ணெயை அமெரிக்கச் சுங்க இலாகா துறைமுகத்தில் நிறுத்தி வைக்க உத்தரவு போட்டது. அதே வருஷம் டிசம்பர் 30-ல் சைம் டார்பி பிளாந்தேஷனுக்கும் அதே உத்தரவு. கட்டாய உழைப்பின் அடையாளங்கள் இருப்பதாகக் காரணம் சொன்னார்கள். கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடன் கட்டிலே ஆளை மாட்டுவது, இவைதான் அந்த அடையாளங்கள். சைம் டார்பி, ஏஜெண்டுகளுக்குத் தொழிலாளர் கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, நடைமுறைகளை மாற்றியது. 2023 பிப்ரவரியில் தடை விலகியது. அதாவது மலிவாகக் கிடைத்த உழைப்பு, சந்தையில் கதவை அடைத்தது. நியாயமாக நடந்த பிறகுதான் கதவு திறந்தது. இப்போது வெளிநாட்டு வியாபாரி எண்ணெயின் விலையை மட்டும் கேட்பதில்லை. லயத்து வீட்டில் தண்ணீர் வருகிறதா என்றும் ஆள் அனுப்பிப் பார்க்கிறான்.

சரி, அந்த அம்மாவின் தாளுக்கு வருவோம். என் மனத்தை உறுத்துவது அதுதான்.

கண்ட்ராக்டரிடம் போனால் நிர்வாகத்துக்கு மிச்சம் என்கிறார்கள். எப்படி மிச்சம்? கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். கண்ட்ராக்டரும் முதலாளிதான். அவருக்கும் 1,700 வெள்ளிச் சட்டம் உண்டு. இ.பி.எஃப். 13 காசு அவரும் கட்ட வேண்டும். சொக்சோ கட்ட வேண்டும். வருஷ லீவு, மருத்துவ லீவு, பொது விடுமுறை எல்லாம் அவருக்கும் உண்டு. அதற்கு மேல் அவர் கையில் லாபமும் நிற்க வேண்டும், லாரித் தவணை கட்ட வேண்டும். எல்லாவற்றையும் சட்டப்படி செய்தால் நிர்வாகம் நேரே வேலை வாங்குவதைவிட அதிகம்தானே ஆகும்? குறைகிறது என்றால் எதையோ ஒன்றைக் கொடுக்காமல்தான் குறைகிறது. அந்த "எதையோ" எது என்று பார்த்தால், அது நம்முடைய சட்டைப் பையில் இருந்து போனதாக இருக்கும்.

முதலில் போவது அந்த இருபத்தேழு வருஷம். ஆட்குறைப்பு நஷ்ட ஈட்டுக்கு 1980-ம் வருஷத்து விதிமுறை ஒன்று இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவரை நிர்வாகம் ஆள் வேண்டாம் என்று நிறுத்தினால், ஒவ்வொரு வருஷத்துக்கும் இருபது நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்குக் குறைவு என்றால் பத்து நாள், இரண்டிலிருந்து ஐந்து வரை பதினைந்து நாள். இந்த அம்மாவுக்கு 27 வருஷம். இருபதால் பெருக்கினால் 540 நாள் சம்பளம். "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று எழுதிய அந்த ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் 540 நாளும் போச்சு. மண்டோர் சொன்ன "டன்னுக்குக் கொஞ்சம் கூட" இதை எத்தனை காலத்தில் ஈடு கட்டும்?

இரண்டாவது, வேலை நாள். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16-வது பிரிவு தோட்டத்துக்காகவே எழுதியது. நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கு மாதம் 24 நாளாவது வேலை கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாவிட்டாலும் சரி, கொடுக்கத் தவறினாலும் சரி, வேலைக்குத் தயாராக வந்தவருக்கு அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கண்ட்ராக்டரிடம் டன் கணக்குக்குப் போன பிறகு, "இந்த வாரம் லாரி வரல, வீட்ல இருங்க" என்று சொன்னால் எந்தப் பிரிவைக் காட்டி அவரிடம் நிற்பீர்கள்?

மூன்றாவது, சம்பளம் வராமலே போவது. கண்ட்ராக்டர் போனை அடைத்துவிட்டு ஓடிவிட்டார் என்று மாதம் ஒரு கேஸாவது எனக்கு வருகிறது. அதே சட்டத்தின் 33-வது பிரிவு, கண்ட்ராக்டர் கொடுக்காத சம்பளத்துக்குத் தோட்ட நிர்வாகமும் பொறுப்பு என்கிறது. ஆனால் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் கேட்க முடியாது. சம்பளம் வர வேண்டிய நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் தொழிலாளர் இலாகாவில் புகார் பதிந்திருக்க வேண்டும். நம் ஆட்கள் "அடுத்த மாசம் தரேன்னாரு" என்று நாலு மாசம் காத்திருந்துவிட்டு வருகிறார்கள். தொண்ணூறு நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

இதையெல்லாம் நான் இப்போது விவரமாக எழுதுகிறேன். ஒரு காலத்தில் எனக்கே தெரியாது. நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்தபோது எங்கள் தோட்டம் கை மாறியது. அப்பாவிடமும் இப்படி ஒரு தாள் வந்தது. வீட்டில் மலாய் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மண்ணெண்ணெய் விளக்கு இல்லை, அப்போது ஜெனரேட்டர் லைட் இருந்தது; அந்த வெளிச்சத்தில் நான்தான் படித்துச் சொன்னேன். "கூடச் சம்பளம் வருமாம்ப்பா, போட்டுருங்க" என்றேன். போட்டார். முதல் வருஷம் கையில் காசு பார்த்தோம். எனக்கு புது சைக்கிள்கூட வந்தது. அப்பா 55 வயதில் இ.பி.எஃப். எடுக்கப் போனபோதுதான் ஒன்பது வருஷத்துக்கு ஒரு காசு கட்டாதது தெரிந்தது. கண்ட்ராக்டர் அதற்குள் இறந்து போயிருந்தார். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

பையன் கேட்டதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. உள்ளூர் ஆளை ஏன் ஒதுக்குகிறார்கள்? சட்டத்தில் பாதுகாப்பு எல்லாருக்கும் ஒன்று போல இல்லாத இடத்தில், பாதுகாப்பு உள்ளவன்தான் விலை கூடியவனாகத் தெரிவான். உள்ளூர்த் தொழிலாளிக்கு முதலாளி இ.பி.எஃப். நூற்றுக்குப் பதின்மூன்று கட்ட, வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கட்டாயமே இல்லாமல் இருந்தது. 2019-ல்தான் அவர்களுக்கு சொக்சோ விபத்துப் பாதுகாப்பு வந்தது. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இ.பி.எஃப். கட்டாயம் ஆனது, அதுவும் நூற்றுக்கு இரண்டு. பதின்மூன்றும் இரண்டும் ஒன்றாகுமா? இன்னும் இடைவெளி பெரிசுதான். பக்கத்து லயத்து வங்காளத் தம்பிக்கு உரிமை கூடினால் நமக்குக் குறையும் என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. நான் நேர்மாறாகச் சொல்கிறேன். அவன் மலிவாக இருக்கிற வரைக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது. 2020 மார்ச்சில் எல்லையை மூடியபோது புது ஆள் வராமல் குலைகள் மரத்திலேயே அழுகின. மலிவு ஆளையே நம்பியிருந்த தொழில் அன்றைக்கு என்ன பாடுபட்டது என்று துரைமாருக்கும் தெரியும்.

போட்டி போட வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. நூறு கிலோ குலைக்கு ஏறக்குறைய இருபது கிலோதான் எண்ணெய் வருகிறது. காய் வெட்டினால் அதுவும் வராது. நன்றாகப் பழுத்து உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் அதிகம். அதைப் புல்லில் விட்டுவிட்டு வந்தால் வெள்ளியைக் கொட்டிவிட்டு வருவது போல. அடிபட்ட பழம் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அப்படியானால் உதிரிப் பழம் பொறுக்கும் அந்த அம்மா செலவுக் கணக்கா, வரவுக் கணக்கா? மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் சந்தாஸ் என்று ஒரு மோட்டார் அரிவாள் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது. குட்டை மரங்களில் ஓர் ஆள் இரண்டு ஆள் வேலை செய்கிறார். கூலி மலிவாகக் கிடைக்கிற தோட்டத்தில் அது ஸ்டோரில் தூங்கும். கூலி ஏறிய இடத்தில்தான் வெளியே வரும். பாதையைச் செப்பனிட்டு, நேரத்துக்கு உரம் போட்டு, வயதான மரத்தை மாற்றினால் டன்னுக்கு ஆகும் செலவு தானாக இறங்கும். நம் பக்கத்திலும் குறை இருக்கிறது. அரைப் பழுப்பில் வெட்டித் தள்ளி டன் கணக்கு ஏற்றுகிறவர்கள் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அதைப் பேசித் திருத்தலாம். பேச மேசை வேண்டும்.

மறுநாள் காலையில் அம்மாவோடு ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் நம்மவர்தான், கிராணி வீட்டுப் பிள்ளை. மரியாதையாக உட்காரச் சொன்னார். "அண்ணே, எனக்கும் மேலேருந்து பிரஷர். டன்னுக்கு இவ்வளவு காசுன்னு கணக்குக் கேக்குறாங்க" என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

"ஆள் வேண்டாம்னா 540 நாள் கணக்கப் போட்டுக் குடுத்து முறையா நிறுத்துங்க. ஆள் வேணும்னா செக்ரோல்லயே இருக்கட்டும். உதிரிப் பழத்துக்கு மூட்டைக் கணக்குல மேல்காசு வச்சுப் பாருங்க, ஆறு மாசத்துல எண்ணெய்க் கணக்கு ஏறுதா இல்லையான்னு நாமளே உட்கார்ந்து பார்ப்போம்" என்றேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்தார், கையெழுத்து இல்லாமல். அதே தாளை வாங்கியிருந்த இன்னும் பதினொரு பேரில் ஏழு பேர் அன்று மாலை சங்கத்துக்கு போன் பண்ணினார்கள். மூன்று பேர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்கள் எழுதிக் கொடுத்தது நெருக்கடியில்தான் என்று தொழிலாளர் இலாகாவுக்குக் கடிதம் போயிருக்கிறது. ஒருவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை.

இதை எழுதும் நாள் வரை மேலிடத்துப் பதில் வரவில்லை. அம்மா வேலைக்குப் போய்க் கொண்டிருக்கிறார். காலை ஐந்தரை பெரட்டில் அவர் பெயரை இன்னும் தோட்டத்துச் செக்ரோலில்தான் கூப்பிடுகிறார்கள். உங்கள் தோட்டத்திலும் இப்படித் தாள் வந்திருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டோடு சங்கக் கிளைக்குக் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தாலும் கொண்டு வாருங்கள்.